சும்மா இருந்ததற்குப் படம் இல்லை

டொரொண்டோவில் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சியின் கிராஃபிக்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் வரும் வீரர் பட்டியல், திரையின் அடியில் ஓடும் புள்ளிவிவரப் பட்டை, இடைவேளையில் இரண்டு வீரர்களை அருகருகே நிறுத்திக் காட்டும் அட்டவணை, எல்லாம் எங்கள் அறையிலிருந்து போகிறவை. வருடம் முழுக்க நடந்ததைக் காட்டுவதுதான் பிழைப்பு. பிப்ரவரியில் ஒரு வாரம் மட்டும், இன்னும் நடக்காததையெல்லாம் செய்து வைக்கச் சொல்வார்கள்.

என்பிஏ கூடைப்பந்தில் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள ஒரு கடைசி நேரம் உண்டு. டிரேட் டெட்லைன் என்பார்கள். பிப்ரவரி முதல் பாதியில் ஒரு வியாழக்கிழமை, கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் மூன்று மணி. மணி மூன்றைத் தாண்டினால் அந்தப் பருவத்துக்குக் கடை சாத்தியாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம், யார் எங்கே போகலாம் என்று பேச்சு அடிபடுகிறதோ அத்தனைக்கும் நாங்கள் ஒரு படம் தயார் செய்வோம். இடது பக்கம் ஓர் அணியின் சின்னம், வலது பக்கம் இன்னொன்று, நடுவில் எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு வரிகள்: இந்த வருடச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு. டிராஃப்டில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏதாவது கைமாறினால் அது அடியில் வரும். மூலையில் 'செய்தி' என்று ஒரு பட்டை. லீக் உறுதி செய்ததும் அதை எடுத்துவிடுவோம்.

இப்படிச் செய்யும் படங்களில் முக்கால்வாசி ஒளிபரப்பாகாது. மூன்றரை மணிக்கு மொத்தமாக ஒரு பழைய ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு எழுந்து காபி குடிக்கப் போவோம்.

சில வருடங்கள் இந்த வேலையைச் செய்தபின் ஒன்று புரிந்தது. நன்றாக ஆடும் அணிக்கு அதிகப் படம் தேவைப்படாது. அவர்களுக்கு வேண்டியது தெரியும்: மூன்று புள்ளி எறிய ஒருவர், அல்லது பெஞ்சிலிருந்து வந்து உயரமானவர்களைத் தடுக்க ஒருவர். அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கும் அப்படித்தான். வயதானவர்களை விற்று டிராஃப்ட் உரிமைகளைச் சேர்ப்பார்கள். எங்களைப் படுத்தி எடுப்பது நடுவில் மாட்டிக்கொண்ட அணி. பத்து ஆட்டத்தில் நாலோ ஐந்தோ வெல்லும், நல்ல வீரர்கள் இருப்பார்கள், ஆனால் ஏதோ கூடிவராது. அந்த அணி எதையும் செய்யலாம். அதனால் எல்லாவற்றுக்கும் படம் வேண்டும்.

2023 பிப்ரவரியில் எங்கள் ஊர் டொரொண்டோ ராப்டர்ஸ் அப்படி இருந்தது.

முந்தைய பருவத்தில் 48 ஆட்டங்களை வென்ற அணி அது. ஸ்காட்டி பார்ன்ஸ் அந்த வருடத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கியிருந்தார். ஆறடி எட்டு, ஒன்பது அங்குலத்தில் நீண்ட கைகளோடு ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீரர்களாகச் சேர்த்து, யாரும் யாரையும் தடுக்கலாம் என்ற கணக்கில் கட்டிய கூட்டம். அடுத்த பருவத்தில் அந்தக் கணக்கு உதைத்தது. தூரத்திலிருந்து எறிந்தால் பந்து விழவில்லை. கூடைக்கு அடியில் நின்று காக்க உண்மையான சென்டர் இல்லை. டெட்லைன் வந்தபோது வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகம். இருந்தாலும் முழுகிவிடவில்லை. இப்போதெல்லாம் ஏழாவது முதல் பத்தாவது இடம் வரை வருகிறவர்களுக்கு, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குள் நுழையப் பிளே-இன் என்று ஒரு பின்வாசல் உண்டு. நடுத்தர அணியின் நிர்வாகத்தைத் தூங்கவிடாத வாசல் அது. 'இன்னும் நாலு ஆட்டம் ஜெயித்தால் போதும்' என்று சொல்லிக்கொண்டே பிப்ரவரியைக் கடத்திவிடலாம்.

என் பக்கத்து இருக்கைத் தம்பி ஸ்கார்பரோவில் வளர்ந்தவன், பெற்றோருக்கு யாழ்ப்பாணம். நான் மதுரைப் பக்கம். அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் ரகசியம் பேச வசதி. ராப்டர்ஸுக்காக அவன் மூன்று ஃபோல்டர் திறந்தான். ஒன்றுக்கு 'விற்றால்' என்று பெயர், இன்னொன்றுக்கு 'வாங்கினால்'. மூன்றாவதற்கு 'சும்மா இருந்தால்' என்று வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணை, இதுக்குள்ள என்னத்தைப் போடுறது?" ஒன்றும் போட முடியாது. நடக்காத டிரேடுக்கு டெம்ப்ளேட் கிடையாது.

'விற்றால்' ஃபோல்டர்தான் பெருத்தது. ஃப்ரெட் வான்வ்லீட், பாஸ்கல் சியாக்கம், ஓஜி அனுனோபி, கேரி ட்ரென்ட் ஜூனியர். ஒவ்வொருவருக்கும் நாலைந்து அணிகள், ஒவ்வோர் அணிக்கும் இரண்டு மூன்று சேர்க்கை. படம் செய்யும்போது ஒப்பந்தம் முடியும் ஆண்டை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வான்வ்லீட் 2020-இல் நாலு வருடத்துக்கு 85 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர். நாலாவது வருடம் வேண்டாம் என்று சொல்லி 2023 கோடையில் கிளம்பும் உரிமை அவரிடம் இருந்தது. ட்ரென்ட்டுக்கும் அதே கோடை. சியாக்கத்துக்கு 2024 கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. அனுனோபியும் அதே 2024 கோடையில் விரும்பினால் விலகலாம். அணியின் தூண்கள் என்று சொல்லக்கூடிய எல்லோருடைய கெடுவும் ஒன்றரை வருடத்துக்குள் வந்து நின்றது. மைதானத்தில் ஆட்டம் பார்க்கும்போது இது தெரியாது. அட்டவணையில் வரிசையாக '2023, 2023, 2024, 2024' என்று அடிக்கும்போது தெரிகிறது.

இதில் இவர்கள் வெறும் சம்பள எண்களாக வந்து சேர்ந்தவர்களும் இல்லை. வான்வ்லீட்டை 2016 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. ராப்டர்ஸ் கூட்டிவந்து ஆளாக்கியது. கேமரூனிலிருந்து வந்த சியாக்கம் அதே வருடம் 27-ஆவதாக எடுக்கப்பட்டவர். அனுனோபி அடுத்த வருடம் 23-ஆவது. மூவருக்கும் 2019 கோப்பையில் பங்கு உண்டு. தாங்களே வளர்த்த பிள்ளைகளை விலை பேச எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. அது தப்பில்லை. ஆனால் மனம் வராததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ராப்டர்ஸ் நிர்வாகத்துக்குச் சும்மா இருந்து நல்ல அனுபவம்.

2013 டிசம்பருக்குப் போக வேண்டும். மசாய் உஜிரி அந்த வருடம்தான் அணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். அணி தோற்றுக்கொண்டிருந்தது. டிசம்பர் 9 அன்று, பந்தைக் கையில் வாங்கினால் எளிதில் விடாத ரூடி கேயைச் சாக்ரமென்டோவுக்கு அனுப்பி, பதிலுக்கு நாலு பேரை வாங்கினார்கள். கிரேவிஸ் வாஸ்கேஸ், பேட்ரிக் பேட்டர்சன், ஜான் சால்மன்ஸ், சக் ஹேய்ஸ். யாரும் நட்சத்திரம் இல்லை. அணியைக் கலைத்து அடியிலிருந்து கட்டப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அடுத்தது கைல் லௌரி, நியூயார்க் நிக்ஸுக்கு. பேச்சு முடிகிற கட்டத்துக்கு வந்ததாகவும், நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன் கடைசியில் கையை எடுத்துவிட்டதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. அதற்குச் சொன்ன காரணம்தான் சுவாரசியம். அந்தக் கோடையில்தான் உஜிரி, ஆண்ட்ரியா பார்ஞானியை நிக்ஸின் தலையில் கட்டி ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் வாங்கியிருந்தார். அதே ஆளிடம் இரண்டாவது முறை ஏமாந்தோம் என்ற பேச்சு வேண்டாம் என்று நினைத்தாராம்.

லௌரி தங்கினார். கே போனதும் பந்து எல்லோர் கைக்கும் போக ஆரம்பித்தது. அந்தப் பருவத்தை அணி 48 வெற்றிகளோடு முடித்து, 2008-க்குப் பிறகு முதல்முறையாகப் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அப்புறம் ஐந்தாறு வருடம் கிழக்குப் பிரிவில் நிமிர்ந்து நின்றது, 2019-இல் கோப்பையும் வந்தது. அந்தக் காலம் முழுக்க அணியின் நடுநாயகமாக இருந்தவர் லௌரிதான். டொரொண்டோ கூடைப்பந்து வரலாற்றில் ஆகப் பெரிய நல்ல முடிவு, நியூயார்க்கில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னது. அதை யாரும் முடிவு என்று கணக்கில் எழுதுவதில்லை. ஊரில் அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்தார்கள்.

2021-இல் இன்னொரு முறை. கொரோனா காரணமாக அணி அந்தப் பருவம் முழுக்க ஃபுளோரிடாவின் டாம்பாவில் குடியிருந்து ஆடியது. அந்த வருடம் டெட்லைன் மார்ச் 25-க்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று லௌரிக்கு 35-ஆவது பிறந்தநாள். அவர் போவது உறுதி, எங்கே என்பதுதான் கேள்வி என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் மயாமி, பிலடெல்பியா, லேக்கர்ஸ் என்று மூன்று படம் வைத்திருந்தோம். மூன்று மணி ஆனது, ஒன்றும் நடக்கவில்லை. கோடையில், புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு நடக்கும் டிரேடாக அவர் மயாமிக்குப் போனார். பதிலுக்குக் கொஞ்சம் கிடைத்தது. இதற்கிடையில் அணி தோற்றுத் தோற்று 27 வெற்றிகளில் முடிந்து, டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று தோற்ற அணிகளுக்குள் நடக்கும் குலுக்கலில் முன்னேறி, நாலாவது இடத்தில் ஸ்காட்டி பார்ன்ஸைப் பிடித்தது. மறுபடியும் சும்மா இருந்தது பலித்துவிட்டது.

இரண்டு முறை பலித்த ஒன்றை மூன்றாவது முறை யாராக இருந்தாலும் செய்வார்கள். அதிர்ஷ்டத்தில் வந்ததா, புத்தியில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க எந்த அலுவலகத்திலும் ஆள் வைப்பதில்லை.

2023-இல் விலையும் இடித்தது. முந்தைய கோடையில் யூட்டா அணி, ரூடி கோபேரை மினசோட்டாவுக்குக் கொடுத்து நாலு முதல் சுற்று உரிமைகளும், மேலே வீரர்களும் வாங்கியிருந்தது. பக்கத்து மனை என்ன விலைக்குப் போனதோ அதைச் சொல்லித்தானே நம் மனைக்கு விலை கேட்போம். அனுனோபிக்குப் பல அணிகள் வலைவீசின. ஆனால் கோபேர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வருகிற விலை எல்லாம் குறைவாகத்தான் தெரியும்.

"ஒருத்தரையும் விடமாட்டாங்கள் பாருங்கோ" என்றான் தம்பி. "அப்ப லௌரிய வித்திருந்தா எங்களுக்குக் கப் கிடைச்சிருக்குமோ?" அவன் கேட்டதும் நிர்வாகம் தனக்குள் கேட்டிருக்கக்கூடியதும் ஒரே கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அட்டவணையில் இருந்த ஆண்டுகள் லௌரியின் கதையில் இல்லாதவை. 2013-இல் ஒருவர் பற்றிய கவலை. இப்போது நாலு பேர்.

டெட்லைனுக்கு முந்தைய இரவு வேறு ஒரு கூத்து. நள்ளிரவு தாண்டிக் கெவின் டுரான்ட் புரூக்ளினிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போகிறார் என்று செய்தி. மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நாலு முதல் சுற்று உரிமைகள் என்று பட்டியல் நீண்டது. டுரான்ட் 2022 கோடையிலேயே தன்னை விடுவிக்கச் சொல்லி ஃபீனிக்ஸ் பெயரையும் சொல்லியிருந்ததால், அப்போது செய்து தூக்கி எறிந்த படம் ஒன்று பழைய ஃபோல்டரில் கிடந்தது. தூசு தட்டி, பெயர்களைத் திருத்தி, சம்பள வரியைப் புதுப்பித்து அனுப்பினோம். குப்பையிலிருந்து எடுத்த படம் ஒன்று உபயோகப்பட்டது எனக்குத் தெரிந்து அதுதான்.

எங்கள் ஊர் அணிக்கு அன்று நடந்தது, ஃபோல்டரில் கடைசியாகப் போட்டிருந்த சின்னப் படம். யாக்கப் பெர்ட்டில் சான் அன்டோனியோவிலிருந்து திரும்பி வருகிறார். ஏழடி உயரம், வியன்னாக்காரர். 2016-இல் ராப்டர்ஸ்தான் அவரை ஒன்பதாவதாக எடுத்தது. பார்ஞானி டிரேடில் நிக்ஸிடமிருந்து வாங்கிய அதே உரிமையில். 2018-இல் டெமார் டெரோசனோடு சேர்த்து அவரையும் அனுப்பித்தான் கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஆவணப் பிரிவிலிருந்து படம் கேட்டால், ராப்டர்ஸ் சட்டையில் அவருடைய பழைய புகைப்படமே வந்து நின்றது. ஐந்து வருடத்துக்கு முந்தையது. "அதைப் போடாதே, ஊருக்கே குழப்பம்" என்றார் தயாரிப்பாளர். எதிரணிச் சட்டையில் இருக்கும் புதுப் படத்தைத்தான் போட்டோம்.

பதிலுக்குப் போனவர் கெம் பர்ச். மான்ட்ரியலில் பிறந்தவர், கனடா தேசிய அணிக்கு ஆடியவர். அவர் போனது அவருடைய ஆட்டத்துக்காக இல்லை. சம்பள வரம்பைத் தாண்டிய அணி, வெளியே அனுப்பும் சம்பளத்தைவிடக் குறிப்பிட்ட அளவுதான் கூடுதலாக உள்ளே வாங்கலாம் என்பது லீக் விதி. பெர்ட்டிலின் 9.4 மில்லியன் டாலருக்கு ஈடுகட்ட பர்ச்சின் 6.7 மில்லியன் தேவைப்பட்டது, அவ்வளவுதான். சான் அன்டோனியோவுக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இதோடு இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், அப்புறம் 2024 முதல் சுற்று உரிமை ஒன்று. அந்தக் கடைசி வரியில் ஒரு நிபந்தனை: முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் ராப்டர்ஸே வைத்துக்கொள்ளும், ஏழாவதோ அதற்குக் கீழோ போனால் சான் அன்டோனியோவுக்கு. படத்தில் இதற்கு இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கினோம். யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

மற்ற நால்வரும் அசையவில்லை. அதாவது, ஒரு கையால் வாங்கிவிட்டு மறு கையைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று மணிக்குத் தம்பி மொத்த 'விற்றால்' ஃபோல்டரையும் பிடித்து இழுத்து விட்டான்.

பெர்ட்டிலை வாங்கியதில் எனக்குக் குறையில்லை. வந்த பிறகு அணி உண்மையிலேயே கொஞ்சம் நிமிர்ந்தது, 41 வெற்றி 41 தோல்வி என்று முடித்தது. அப்புறம் பிளே-இன்னில் சிகாகோவோடு சொந்த மைதானத்தில் ஆட்டம், ஏப்ரல் 12. பத்தொன்பது புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு 109-105 என்று தோற்றார்கள். யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ 36-இல் 18 தவறியது. ஒவ்வொரு முறை ராப்டர்ஸ் வீரர் கோட்டில் வந்து நிற்கும்போதும் அரங்கமே கேட்கக் கிறீச்சிட்ட ஒன்பது வயதுச் சிறுமி, சிகாகோவுக்கு ஆடிக்கொண்டிருந்த டெமார் டெரோசனின் மகள். டெரோசன் யார் என்று இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018-இல் தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று நம்பியிருந்தவர். பிறகு உஜிரி அந்தத் தவறான புரிதலுக்காக வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார். அன்று கட்டுப்பாட்டு அறையில் அந்தக் குழந்தையின் முகத்துக்குக் கேமரா போகும்போதெல்லாம் எங்கள் தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோடையில் வான்வ்லீட் ஹூஸ்டனுக்குப் போனார், மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 130 மில்லியன் டாலர். ஒப்பந்தம் முடிந்தவர் தானாகப் போகும்போது அது டிரேட் இல்லை. அதற்கு எங்களிடம் வேறு டெம்ப்ளேட்: ஒரே ஒரு சின்னம், போய்ச் சேரும் அணியுடையது. விட்டுவிட்டு வந்த அணிக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற வரி கிடையாது, ஏனென்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மொத்தக் கதையிலும் பெரிய இழப்பு அதுதான் என்பது என் எண்ணம். அதைக் காட்டும் படத்தில் ராப்டர்ஸ் என்ற பெயர்கூட இல்லை.

மீதி மளமளவென்று நடந்தது. 2023 டிசம்பர் 30 அன்று அனுனோபி நிக்ஸுக்கு. பதிலுக்கு ஆர்ஜே பாரெட், இம்மானுவேல் குவிக்லி, ஓர் இரண்டாம் சுற்று உரிமை. 2024 ஜனவரி 17 அன்று சியாக்கம் இண்டியானாவுக்கு. பதிலுக்குப் புரூஸ் பிரவுனும் வேறு சிலரும், மூன்று முதல் சுற்று உரிமைகளும். இரண்டு பேரும் ஒப்பந்தத்தின் கடைசி மாதங்களில் இருந்தார்கள். வாங்குகிறவனுக்கு அது தெரியும். அந்தப் பருவம் 25 வெற்றிகளோடு முடிந்தது. லீக்கிலேயே ஆறாவது மோசமான அணி என்பதால், முதல் ஆறுக்குள் நின்று அந்த உரிமையைத் தக்கவைக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. குலுக்கலில் எட்டாவது இடம் விழுந்தது. சின்ன எழுத்தில் போட்ட வரி அப்போது பெரிதாகிவிட்டது. எட்டாவது உரிமை சான் அன்டோனியோவுக்குப் போனது.

எங்கள் அறையில் பாதிப் பேர் வருட ஒப்பந்தக்காரர்கள். மார்ச் கடைசியில் புதுப்பிப்பார்கள், சில வருடம் மாட்டார்கள். அதனால் டெட்லைன் வாரத்தில் 'ஒப்பந்தம் முடியும் ஆண்டு' என்ற வரியைத் தட்டும்போது கை தானாக நிதானிக்கும். என்பிஏவில் முடியப்போகிற ஒப்பந்தத்துக்குத் தனி மதிப்பு. ஆள் எப்படி ஆடுகிறார் என்பதற்காக இல்லாமல், கோடையில் அவருடைய சம்பளம் கணக்கைவிட்டு மறையும் என்பதற்காகவே சிலரை வாங்குவார்கள். இதை முதன்முதலாகப் படித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. பல மில்லியன் வாங்குகிறவருக்கும் நமக்கும் என்ன ஒப்பீடு என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் தன் பெயர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியாமல் பயிற்சிக்குப் போய்வருவது எந்தச் சம்பளத்திலும் சுகமாக இருக்காது. அந்த 2023 பிப்ரவரியில் வான்வ்லீட்டும் சியாக்கமும் ஒவ்வொரு நாளும் பத்திரிகையாளர் முன்னால் வந்து நின்று அதே கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஆட்டமும் ஆட வேண்டும்.

படங்களை நம்பக்கூடாது என்பதற்கு 2025 பிப்ரவரி நல்ல சாட்சி. டெட்லைனுக்குச் சில நாள் முன்னால், சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஃபோன் அதிர்ந்தது. லூக்கா டோன்சிச்சை டாலஸ் அணி லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது, பதிலுக்கு ஆண்டனி டேவிஸ். செய்தியை வெளியிட்ட ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அத்தனை கற்பனைப் படங்களில் அது மட்டும் எங்களிடம் இல்லை. முந்தைய வருடம்தான் இறுதிப்போட்டி ஆடிய அணி, 25 வயது நட்சத்திரம். யார் நினைப்பார்கள்? லேக்கர்ஸ் சட்டையில் அவருக்குப் படமே இல்லாமல், இரண்டு சின்னங்களையும் பெயர்களையும் மட்டும் வைத்து ஒப்பேற்றினார்கள் அன்றைக்குப் பணியில் இருந்தவர்கள்.

அதே வாரம், பிப்ரவரி 6, மறுபடி ராப்டர்ஸ். மறுபடி தோற்கிற பருவம். இந்த முறை 'சும்மா இருந்தால்' என்ற ஃபோல்டரைத் தம்பி திறக்கவே இல்லை. 'விற்றால்' ஃபோல்டர் நிறைந்திருக்க, அவர்கள் போய் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பிராண்டன் இன்கிரமை வாங்கினார்கள். கணுக்கால் காயத்தோடு டிசம்பரிலிருந்து வெளியே உட்கார்ந்திருந்தவர், ஒப்பந்தமும் அந்தக் கோடையில் முடிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: வாங்கிய கையோடு மூன்று வருடத்துக்கு 120 மில்லியன் டாலரில் நீட்டித்துவிட்டார்கள். வான்வ்லீட் கதை எங்கேயோ யாருக்கோ வலித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கோடையில் ஆள் கையைவிட்டுப் போய்விடும் நிலையை இந்த முறை முதலிலேயே அடைத்துவிட்டார்கள்.

"பாதி லீக் தோக்கிறத்துக்குப் போட்டி போடேக்க, இவங்கள் காயம்பட்ட ஆளை வாங்கி 120 மில்லியன் குடுக்கிறாங்கள்" என்று தம்பி கத்தினான். அந்தப் பருவத்தில் இன்கிரம் ராப்டர்ஸுக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பதால் அடுத்த இரண்டு மாதமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாங்கியது சரி என்றேன். பார்ன்ஸ் வளர்ந்துகொண்டிருக்கிறார், இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பது? அவனுக்கு ஒப்பவில்லை. முன்பு விற்காதே என்றவன் இப்போது வாங்காதே என்கிறான். நானும் கட்சி மாறிவிட்டேன்தான்.

இன்கிரமுக்குப் பதிலாகப் போன பட்டியலைத் தட்டும்போது கவனித்தேன். புரூஸ் பிரவுன் சியாக்கத்துக்குப் பதிலாக வந்தவர். கூடவே போன 2026 முதல் சுற்று உரிமையும் இண்டியானா கொடுத்ததுதான். சியாக்கத்தில் மிச்சம் இருந்ததில் ஒரு பெரிய துண்டை இன்கிரமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூன் மாதம் சியாக்கம் இண்டியானாவோடு இறுதிப்போட்டிக்குப் போய், ஏழாவது ஆட்டம் வரை ஓக்லஹோமா சிட்டியோடு மோதினார். எங்கள் அறையில் வேறு வேலை யாருக்கும் ஓடவில்லை. அதே மாதம் நியூ ஆர்லியன்ஸ் அந்த 2026 உரிமையை இண்டியானாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை வாங்கிக்கொண்டது. தம்பிக்கு அதைச் சொன்னால், "அண்ணை, அப்ப எங்கட ஆளும் அவையளிட்ட, சீட்டும் அவையளிட்டயே?" என்றான். இன்கிரம் நம்மிடம் இருக்கிறார் என்றேன். அவர் ஆடட்டும், பிறகு கதைப்போம் என்றான்.